நிலவின் இயல்புமாறிய கிண்ணக்குழிகள்

நிலவின் இயல்புமாறிய கிண்ணக்குழிகள் என்பவை, விண்பொருட்கள் மோதியதால் உண்டாகியிருந்தும் வழக்கமான வட்டக் கிண்ண வடிவில் அமையாத பள்ளங்கள் ஆகும். நீண்டவை, ஒன்றோடொன்று ஒட்டியவை, சங்கிலிபோல் வரிசையாக அமைந்தவை, வளையத்துக்குள் வளையம் கொண்டவை, தரை பிளந்தவை எனப் பல வகைகள் இவற்றுள் உண்டு. இவற்றுட் சில புவியிலிருந்து தொலைநோக்கி வழியாகவே அறியப்பட்டவை. எனினும், இவற்றின் வடிவத்தை நுணுக்கமாக அளக்கவும் காரணத்தை ஆராயவும் நிலவைச் சுற்றிவரும் கலன்கள் எடுத்த படங்களே வழிசெய்தன. வட்டமான குழியைக் கொண்டு மோதிய பொருள் வந்த திசையையோ கோணத்தையோ சொல்வது கடினம். இயல்புமாறிய குழியின் வடிவத்திலோ, மோதலின் கோணம், மோதிய பொருளின் நிலை, கீழேயுள்ள தரையின் அமைப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று பதிவாகியிருக்கும். நிலவில் கலன்களைப் பாதுகாப்பாகத் தரையிறக்குவதற்கும் பள்ளங்களைச் சரியாக இனங்காண்பது இன்றியமையாதது.

வழக்கமான கிண்ணக்குழி

நிலவில் மோதும் விண்கற்கள் பொதுவாக நொடிக்குப் பத்து கி.மீ.க்கும் மிகுந்த வேகத்தில் வருகின்றன. தடுத்து எரித்துவிட அங்கே காற்றுமண்டலம் இல்லை. மோதும் கணத்தில் கல்லின் இயக்க ஆற்றல் அழுத்தமாகவும் வெப்பமாகவும் மாறி, தரைக்குள் அதிர்ச்சி அலையாகப் பரவுகிறது. பாறை நொறுங்கி, ஒரு பகுதி உருகி, எஞ்சியது வெளியே வீசப்படுகிறது. உண்டாகும் குழி, மோதிய கல்லைவிடப் பெரும்பாலும் பத்து மடங்குக்கும் மேல் அகலமானது.

ஏறத்தாழ 15 முதல் 20 கி.மீ. வரை விட்டமுள்ள குழிகள் எளிய கிண்ண வடிவம் கொண்டவை. புதிய எளிய குழியின் ஆழம் விட்டத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, நிலவின் மேர் செரெனிடாட்டிஸ் சமவெளியிலுள்ள சாராபாய் கிண்ணக்குழி. இந்திய விண்வெளித் திட்டத்தின் முன்னோடியான விக்ரம் சாராபாயின் பெயரைத் தாங்கிய இக்குழியைச் சந்திரயான்-2 சுற்றுக்கலனின் நிலப்பரப்புப் படமெடுப்புக் கருவி 2020 சூலை 30 அன்று படமெடுத்தது. விட்டம் சுமார் 8 கி.மீ.; ஆழம் சுமார் 1.7 கி.மீ.; உட்சுவரின் சரிவு 25 முதல் 35 பாகை. இவை எளிய கிண்ணத்தின் கணக்கோடு நன்கு பொருந்துகின்றன.

இதைவிடப் பெரிய குழிகளில் சுவர்கள் சரிந்து படிக்கட்டுகளாகின்றன. தரை மேலெழும்பி நடுவில் குன்றாக நிற்கிறது. இன்னும் பெரியவை பல வளையங்கள் கொண்ட வடிநிலங்களாகின்றன. இவையெல்லாம் அளவு கூடுவதால் வரும் மாற்றங்கள். இவற்றிலும் வெளி எல்லை பெரும்பாலும் வட்டமாகவே இருப்பதால், இவை இயல்புமாறியவை ஆகா.

களிமண்ணில் தொடங்கிய விவாதம்

நிலவின் பள்ளங்கள் எப்படி வந்தன என்பதை முதலில் சோதித்துப் பார்த்தவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் இராபர்ட் ஊக். 1665-ஆம் ஆண்டில் வெளிவந்த தமது 'மைக்ரோகிராஃபியா' நூலில் அவர் இரு சோதனைகளை விவரித்தார். புகைக்குழாய் செய்யப் பயன்படும் வெண்களிமண்ணை நீரில் குழைத்து, அதில் குண்டு போன்ற கனமான பொருளை விழச்செய்தது ஒன்று. அலபாஸ்டர் கல்லின் தூளைக் கொதிக்கவைத்தது மற்றொன்று. கொதிக்கும் தூளில் குமிழிகள் வெடித்த இடங்களில் வட்டக் குழிகள் தங்கின. இரண்டும் நிலவுப் பள்ளங்களைப் போலவே தோன்றின. ஆனால் நிலவின் மேல் விழுவதற்குக் கனமான பொருட்கள் எங்கிருந்து வரும் என்பதற்கு அன்று விடை இல்லை. முதல் சிறுகோள் கண்டறியப்பட்டதே 1801-இல்தான். எனவே ஊக், உள்ளிருந்து எழும் ஆவியே காரணம் என்ற பக்கம் சாய்ந்தார்.

ஊக் கண்ட இரு வகைக் குழிகளையும் பீங்கான் தொழிலில் இன்றும் காணலாம். கடலூர் மாவட்டத்திலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்வி நிறுவனமும் அங்கே உள்ளன. பீங்கான் செய்வோர் அச்சில் வார்க்கப் பயன்படுத்தும் களிக்குழம்பில் ஒரு துளியோ கல்லோ விழுந்தால் விளிம்பு எழும்பிய குழி தோன்றும். சூளையில் கிளேஸ் பூச்சு உருகும்போது அடியிலிருந்து வாயு குமிழியாக எழுந்து வெடிப்பதும் உண்டு. அந்தப் புண் ஆறுமுன் பூச்சு இறுகிவிட்டால், பாத்திரத்தின் மேல் ஊசித்துளைகளும் சிறு குழிகளும் நிலைத்துவிடும். முதலாவது மோதல் குழி. இரண்டாவது வாயு வெடித்த குழி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருப்பதே, நிலவைப் பற்றிய விவாதம் முந்நூறு ஆண்டுகள் நீடிக்க ஒரு காரணம்.

மோதல் கருத்துக்கு எதிராக ஒரு வலுவான கேள்வியும் இருந்தது. ஈரக் களிமண்ணின் மேல் கோலிக்குண்டைச் சாய்வாக எறிந்தால் நீள்வட்டத் தடமே விழும். விண்கற்கள் எல்லாக் கோணங்களிலும் வரக்கூடியவை. அப்படியானால் நிலவின் குழிகள் ஏன் ஏறக்குறைய எல்லாமே வட்டமாக உள்ளன? அமெரிக்க நிலவியலாளர் கில்பர்ட் 1890-களில் மோதல் கருத்தை ஆதரித்தபோது, அவரும் இந்தச் சிக்கலோடு போராட வேண்டியிருந்தது.

விடை 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தெளிவானது. கையால் எறியும் குண்டு களிமண்ணைத் தள்ளித் தன் வடிவத்தைப் பதிக்கிறது. விண்கல்லோ பதிவதில்லை, வெடிக்கிறது. அதன் வேகம் பாறைக்குள் ஒலி செல்லும் வேகத்தையும் மிஞ்சுவதால், ஆற்றல் முழுதும் ஏறக்குறைய ஒரு புள்ளியில் வெளிப்பட்டு எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுகிறது. அதனால் 45 பாகைச் சாய்வில் வந்தாலும் குழி வட்டமாகவே அமைகிறது. களிமண் சோதனை குழி தோன்றுவதைச் சரியாகக் காட்டினாலும், வேகம் குறைவு என்பதால் அதன் வடிவத்தைத் தவறாகக் காட்டிவிட்டது.

நீள்வடிவக் குழிகள்

வட்ட விதிக்கும் எல்லை உண்டு. விண்கல் கிடைமட்டத்துக்கு ஏறத்தாழ 15 பாகைக்கும் குறைந்த கோணத்தில் தரையை உரசியபடி வந்தால், குழி நீள்கிறது. எல்லாத் திசைகளிலிருந்தும் கற்கள் வருவதாகக் கொண்டால், இவ்வளவு தாழ்வாக வருபவை நூற்றில் ஏழுக்கும் குறைவு என்பது கணக்கு. நீள்வடிவக் குழிகள் அரிதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

மேர் ஃபெகுண்டிடாட்டிஸ் சமவெளியிலுள்ள மெஸ்ஸியர், மெஸ்ஸியர் ஏ என்னும் இரட்டைக் குழிகள் இவ்வகையில் புகழ்பெற்றவை. மெஸ்ஸியர் கிழக்கு மேற்காக நீண்டுள்ளது. அதிலிருந்து சிதறிய பொருள் எல்லாப் பக்கமும் பரவாமல், வண்ணத்துப்பூச்சியின் சிறகுகள்போல் வடக்கிலும் தெற்கிலும் மட்டுமே விரிந்துள்ளது. அருகிலுள்ள மெஸ்ஸியர் ஏ குழியிலிருந்து இரண்டு ஒளிக்கோடுகள் மேற்கே நூறு கி.மீ.க்கும் மேல் வால்போல் நீள்கின்றன. கிழக்கிலிருந்து மிகத் தாழ்வாக வந்த ஒரு பொருள் முதலில் மெஸ்ஸியரைத் தோண்டியபின், அதன் ஒரு பகுதி தெறித்துச் சென்று மெஸ்ஸியர் ஏ-வை உண்டாக்கியது என்று கருதப்படுகிறது. குளத்தில் சில்லெறியும்போது ஓடு நீரைத் தொட்டுத் தாவுவதை இதற்கு ஒப்பிடலாம்.

நீண்டிருப்பவை அனைத்தும் தாழ்கோண மோதலால் வந்தவை என்று சொல்லிவிட முடியாது. ஷில்லர் என்னும் குழி சுமார் 180 கி.மீ. நீளமும் 70 கி.மீ. அகலமும் கொண்டது. அடுத்தடுத்து விழுந்த பல மோதல்களின் குழிகள் ஒன்றிணைந்ததாலும் இந்த வடிவம் வந்திருக்கலாம்.

திருச்சிராப்பள்ளியில் பிறந்து, 1930-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ச. வெ. இராமனின் பெயரில் நிலவில் உள்ள குழியும் நீள்வடிவமானதே. அரிஸ்டார்க்கஸ் மேட்டுநிலத்தின் மேற்குப் பக்கம், புயற்கடல் எனப்படும் பெருஞ்சமவெளிப் பகுதியில் இது உள்ளது. முன்பு ஹெரோடோட்டஸ் டி என வழங்கிய இக்குழிக்கு 1976-இல் இராமனின் பெயர் சூட்டப்பட்டது.

சங்கிலிக் குழிகள்

சில இடங்களில் சிறு குழிகள் ஒரே நேர்க்கோட்டில் அமைகின்றன. பெரிய மோதலில் வீசப்பட்ட பாறைத் துண்டுகள் திரும்ப விழும்போது இத்தகைய சங்கிலிகள் உண்டாகும். இவை இரண்டாம்நிலைக் குழிகள் எனப்படும். இவற்றின் வேகம் குறைவாதலால் வடிவம் ஒழுங்கற்றும் ஆழமின்றியும் இருக்கும். சங்கிலியை நீட்டிப் பார்த்தால் அது பெரும்பாலும் தாய்க்குழியை நோக்கிச் செல்லும்.

டேவி சங்கிலிக்கு அப்படித் தாய்க்குழி எதுவும் பொருந்தவில்லை. அதில் 20-க்கும் மேற்பட்ட சிறு குழிகள் சுமார் 50 கி.மீ. நீளத்துக்கு வரிசையாக உள்ளன. 1994 சூலையில் சூமேக்கர்-லெவி 9 என்னும் வால்வெள்ளி, வியாழனின் ஈர்ப்பால் உடைந்த துண்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாக அக்கோளில் விழுந்ததை உலகம் பார்த்தது. டேவி சங்கிலியும் அதுபோல் உடைந்த ஒரு பொருள் வரிசையாக விழுந்ததால் உண்டாகியிருக்கலாம் என்பது அறிவியலாளர்களின் விளக்கம்.

வளையத்துக்குள் வளையம்

சில குழிகளின் உள்ளே மற்றொரு விளிம்பு, கிண்ணத்துக்குள் கிண்ணம் வைத்ததுபோல் தெரியும். இதற்கு அளவைப் பொறுத்து வெவ்வேறு காரணங்கள் உண்டு.

பல மீட்டர் முதல் சில நூறு மீட்டர் வரையுள்ள சிறு குழிகளில் காரணம் தரையின் அடுக்கு. நிலவின் மேல் ரெகோலித் எனப்படும் பொடிமண் போர்வை உள்ளது. அதன் அடியில் கெட்டிப் பாறை இருக்கிறது. மோதல் மேல்மண்ணை எளிதாகத் தோண்டிவிடும். பாறையில் அவ்வளவு எளிதில் இறங்காது. ஆகவே மண்ணில் அகன்ற குழியும், நடுவில் பாறையில் குறுகிய குழியுமாகப் படிக்கட்டு உருவாகிறது. 1960-களின் பிற்பகுதியில் ஓபர்பெக், குவெய்ட் ஆகிய ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் மணல் அடுக்குகளின் மேல் எறிபொருட்களைச் செலுத்தி இதை மெய்ப்பித்தனர். மண்ணின் தடிப்புக்கு ஏற்ப, குழி சாதாரணக் கிண்ணமாகவோ, தட்டைத் தரையுடனோ, படிக்கட்டுடனோ அமைந்தது. இதனால் சுற்றுப்பாதையிலிருந்து எடுத்த படத்தைக் கொண்டே ஓரிடத்து மண் எத்தனை மீட்டர் தடிப்பு என்று மதிப்பிட முடிகிறது.

ஹெஸியோடஸ் ஏ போன்ற பல கி.மீ. அகலமுள்ள இரட்டை வளையக் குழிகளுக்கு இந்த விளக்கம் போதாது. இவை பெரும்பாலும் எரிமலைக்குழம்பு பரவிய சமவெளிகளின் ஓரங்களில் காணப்படுகின்றன. குழி உண்டானபின் அடியில் புகுந்த பாறைக்குழம்பு தரையை மேலே தள்ளியிருக்கலாம் என்று கருதப்படுகிறது. சுமார் 110 கி.மீ. விட்டமுள்ள கஸ்ஸெண்டி குழியின் தரையில் வலைபோல் ஓடும் பிளவுகளும் இதே போன்ற உந்தலால் வந்தவை என விளக்கப்படுகின்றன. இங்கே குழியைத் தோண்டியது மோதல். அதன் வடிவத்தை மாற்றியது நிலவின் உள்வெப்பம். மோதலா எரிமலையா என்ற பழைய விவாதத்தில் தோற்ற தரப்புக்கும் இவ்வளவு இடம் எஞ்சியிருக்கிறது.

படங்களைப் படிக்கும் முறை

1966-67-இல் ஏவப்பட்ட ஐந்து லூனார் ஆர்பிட்டர் கலன்கள் நிலவின் பரப்பு ஏறத்தாழ முழுவதையும் படமெடுத்தன. 2008-இல் ஏவப்பட்ட சந்திரயான்-1 சுற்றுக்கலனின் கருவி 5 மீட்டர் அளவுள்ள விவரங்களைக் காட்டியது. அது ஒரே இடத்தை முன்னோக்கி, நேர்கீழாக, பின்னோக்கி என மூன்று கோணங்களில் படமெடுத்ததால் உயரங்களையும் கணக்கிட முடிந்தது. 2019-இல் சென்ற சந்திரயான்-2 சுற்றுக்கலனின் உயர்நுணுக்கக் கருவி, 100 கி.மீ. உயரத்திலிருந்து கால் மீட்டர் அளவுள்ள விவரங்களையும் காட்டவல்லது. 2009 முதல் நாசாவின் எல்ஆர்ஓ கலன் அரை மீட்டர் அளவு நுணுக்கத்தில் படங்களை அனுப்பிவருகிறது.

இப்படங்களைப் பார்ப்போர் முதலில் கவனிக்க வேண்டியது சூரியன் இருக்கும் திசை. நம் கண், ஒளி மேலிருந்து வருவதாக எடுத்துக்கொள்ளும் பழக்கமுடையது. படத்தில் ஒளி கீழிருந்து வந்தால் பள்ளம் மேடாகத் தெரியும். படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் மீண்டும் பள்ளமாகும். குழியில் சூரியன் பக்கத்துச் சுவர் நிழலிலும் எதிர்ச்சுவர் ஒளியிலும் இருக்கும். மேட்டில் இது நேர்மாறு.

சூரியன் தாழ்ந்திருக்கும்போது நிழல் நீண்டு, சிறு மேடுபள்ளங்களும் புலப்படும். நிழலின் நீளத்தைச் சூரியன் நிற்கும் கோணத்தின் டேன் மதிப்பால் பெருக்கினால், விளிம்புக்கும் நிழல் முடியும் இடத்துக்கும் உள்ள உயர வேறுபாடு கிடைக்கும். சூரியன் 10 பாகையில் இருக்க, நிழல் 1 கி.மீ. இருந்தால் அந்த வேறுபாடு சுமார் 176 மீட்டர். சூரியன் உச்சியில் இருக்கும்போது நிழல்கள் மறைந்துவிடும். மெஸ்ஸியர் ஏ-வின் வால்கள் போன்ற ஒளிக்கோடுகள் அப்போதுதான் பளிச்சென்று தெரியும். ஒரு குழி உண்மையில் இயல்புமாறியதா என்று முடிவுசெய்ய இரு வகைப் படங்களும் தேவை.

புதிய பள்ளங்களும் மனிதர் உண்டாக்கியவையும்

ஒரே இடத்தின் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டு, எல்ஆர்ஓ காலத்திலேயே உண்டான குழிகளை இனங்காண முடிகிறது. 2013 மார்ச் 17 அன்று புவியிலிருந்து காணப்பட்ட ஓர் ஒளிவெட்டுக்குக் காரணமான குழி, சுமார் 18 மீட்டர் விட்டத்துடன் பின்னர் கண்டறியப்பட்டது. 2016-இல் வெளியான ஆய்வு 222 புதிய குழிகளைப் பட்டியலிட்டது.

2022 மார்ச் 4 அன்று, கைவிடப்பட்ட ராக்கெட் பாகம் ஒன்று நிலவின் மறுபக்கத்தில் ஹெர்ட்ஸ்ப்ருங் குழிக்கு அருகே மோதியது. அங்கே ஒன்றல்ல, இரண்டு குழிகள் ஒட்டியபடி தெரிந்தன. கிழக்கிலுள்ளது 18 மீட்டர், மேற்கிலுள்ளது 16 மீட்டர். முன்னர் அப்போலோ திட்ட ராக்கெட் பாகங்கள் மோதிய இடங்களில் இப்படி இரட்டைக் குழி உண்டாகவில்லை. காலியான ராக்கெட் பாகத்தில் எடை பெரும்பாலும் எஞ்சின் இருக்கும் முனையிலேயே இருக்கும். இரட்டைக் குழி, இரு முனைகளிலும் கனம் இருந்திருக்கலாம் என்பதைக் குறித்தது.

2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2 திட்டத்தின் விக்ரம் தரையிறங்குகலன் தொடர்பு அறுந்து நிலவில் மோதியது. எல்ஆர்ஓ அப்பகுதியை எடுத்த படத்தொகுப்பு அம்மாதமே பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. சென்னையைச் சேர்ந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன், மோதலுக்கு முந்தைய படங்களோடு அதை ஒப்பிட்டு, முன்பு இல்லாத ஒரு வெண்புள்ளியைக் கண்டு நாசாவுக்குத் தெரிவித்தார். பின்னர் நல்ல ஒளியில் எடுக்கப்பட்ட படங்களில் மோதிய இடமும் சிதறல்களும் உறுதியாயின. 2019 டிசம்பர் 2 அன்று நாசா இதை அறிவித்தது. அவர் கண்ட துண்டு, மோதிய இடத்திலிருந்து சுமார் 750 மீட்டர் வடமேற்கே கிடந்தது. குறைந்த வேகத்தில் மோதிய கலன் பெரிய கிண்ணத்தைத் தோண்டவில்லை. மண்ணைக் கலைத்து நிறத்தை மாற்றியிருந்தது. ஆகையால் பள்ளத்தை மட்டும் தேடியிருந்தால் அந்த இடம் அகப்பட்டிருக்காது.

தரையிறக்கமும் தமிழ்நாட்டு மண்ணும்

கலன்களைப் பொறுத்தவரை ஆபத்தானவை புகழ்பெற்ற பெருங்குழிகள் அல்ல. சில மீட்டர் அகலமுள்ள சிறு குழிகளே. தரையிறங்கும் கலனின் ஒரு கால் குழிச்சரிவில் பட்டால் கலன் கவிழக்கூடும். எனவே இஸ்ரோ, கருநாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் செல்லக்கெரே அருகே செயற்கைக் கிண்ணக்குழிகளை வெட்டி, தரையிறக்கத்துக்கான உணரிகளைச் சோதித்தது.

நிலவு மண்ணுக்கு ஈடான மண் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. நிலவின் வெளிறிய மேட்டுநிலங்கள் பெரும்பாலும் அனார்த்தோசைட் என்னும் பாறையால் ஆனவை. நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் இதே வகைப் பாறை கிடைக்கிறது. அதை அரைத்துச் செய்த மண்ணில்தான் சந்திரயான்-2 கலன்களின் சோதனைகள் நடந்தன. அனார்த்தோசைட்டின் முதன்மைக் கனிமம் கால்சியம் மிகுந்த ஃபெல்ஸ்பார். விருத்தாசலம் போன்ற ஊர்களின் பீங்கான் கலவையில் களிமண்ணோடும் குவார்ட்ஸோடும் சேர்வதும் ஃபெல்ஸ்பாரே. ஆனால் அது பொட்டாசியமோ சோடியமோ மிகுந்த வகை. எளிதில் உருகி மற்றவற்றை இணைப்பது. பெரிய மோதல்களில் நிலவின் ஃபெல்ஸ்பாரும் உருகிக் கண்ணாடியாக உறைந்திருக்கிறது.

விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்துருவப் பகுதியில் வெற்றிகரமாகத் தரையிறங்கியது. சந்திரயான்-2-க்கு அரை கி.மீ. பக்க அளவில் குறிக்கப்பட்ட இறங்குபரப்பு, இம்முறை 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. என விரிவாக்கப்பட்டது. பள்ளங்களைத் தவிர்த்து விலகி இறங்க இது கலனுக்கு இடம் தந்தது. ஆகஸ்ட் 27 அன்று பிரக்யான் உலாவிக்கு 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் விட்டமுள்ள குழி ஒன்று தென்பட்டது. வந்த வழியே திரும்புமாறு கட்டளை அனுப்பப்பட்டு, உலாவி வேறு பாதையில் சென்றது.

அகமதாபாதிலுள்ள இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் அறிவியலாளர்கள், பிரக்யான் அனுப்பிய படங்களையும் சந்திரயான்-2 சுற்றுக்கலனின் படங்களையும் சேர்த்து ஆராய்ந்தனர். கலன் இறங்கிய இடமே சுமார் 160 கி.மீ. அகலமுள்ள, புதைந்துபோன பழைய கிண்ணக்குழி ஒன்றின் உள்ளே இருப்பதாக 2024-இல் அவர்கள் தெரிவித்தனர். பிற்காலப் பெருமோதல்களின் சிதறல்கள் அதை மூடியும், அடுத்தடுத்த மோதல்கள் அதன் விளிம்பைத் தேய்த்தும் விட்டதால், அது சாதாரணப் படத்தில் குழியாகவே தெரிவதில்லை. நான்கு மீட்டர் குழியின் முன் நின்று திரும்பிய உலாவி, அப்போது தன்னைச் சூழ்ந்திருந்த இந்தப் பெருங்குழியின் தரையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.